இரண்டு பிக்கப், மூன்று குரல்: செமி ஹாலோ கிட்டாரைச் சொந்தமாகச் செய்பவருக்கு

முதல் செமி ஹாலோ கிட்டாரை, அதாவது நடுவே ஒரு கட்டை ஓட இருபுறமும் காலியாக விட்ட மின்கிட்டாரைச் செய்தபோது மேல்பலகையை ஒட்டி, கிளாம்புகளைக் கழற்றி, ஒரு நாள் முழுக்க அதன் அழகைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் பற்றி யோசிக்க உட்கார்ந்தேன். பிக்கப் வந்தது. குழியில் வைத்துப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. ஒயர் வெளியே போகத்தான் வழியில்லை. நடுக்கட்டையில் போட வேண்டிய துளையை மறந்தே போயிருந்தேன். நீளமான டிரில் பிட்டைப் பிக்கப் குழிக்குள் சாய்த்து விட்டு, குத்துமதிப்பாகக் குடைந்து எப்படியோ சமாளித்தேன். அந்தச் சாய்வுத் துளை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிக்கப் என்பது கடைசியில் வாங்கி மாட்டும் உதிரிப்பாகம் இல்லை, மரத்தை அறுக்கும் முன்பே முடிவெடுக்க வேண்டிய விஷயம். அதையும் தனித்தனியாக எடுக்காமல் ஜோடியாக யோசிக்க வேண்டும். இரண்டு பிக்கப் உள்ள கிட்டாரில் மூன்று குரல்கள் இருக்கின்றன: கழுத்துப் பக்கம் ஒன்று, பிரிட்ஜ் (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பாகம்) பக்கம் ஒன்று, இரண்டும் சேர்ந்து ஒன்று. அந்த மூன்றாவது குரலைப் பற்றிப் புதிதாகச் செய்கிறவர்கள் யாரும் யோசிப்பதில்லை. எனக்கு அதுதான் செமி ஹாலோவின் உயிர்.

உள்ளே பாதி காலி

முழுக்கக் குடைந்த உடல் கொண்ட கிட்டாரில் பிக்கப்பைப் பொருத்திச் சத்தத்தைக் கூட்டினால் ஒரு தொல்லை வரும். ஆம்ப்பிலிருந்து (ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி) வரும் ஒலி மெல்லிய மேல்பலகையை அதிர வைக்கும். பலகை தந்தியை அதிர வைக்கும். தந்தியின் அதிர்வு பிக்கப் வழியாக மறுபடி ஆம்புக்கே போகும். இப்படியே சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் ஊளையிட ஆரம்பிக்கும். இதைத்தான் ஃபீட்பேக் என்கிறோம்.

கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கு ஒரு முரட்டு வைத்தியம் செய்தார். நான்கு அங்குலச் சதுரமான பைன் கட்டை ஒன்றை எடுத்து, அதில் கழுத்தும் பிக்கப்பும் பொருத்தி, பார்வைக்குக் கிட்டார் மாதிரி இருக்கட்டும் என்று ஒரு கிட்டாரின் உடலை இரண்டாகப் பிளந்து இருபுறமும் ஒட்டிக்கொண்டார். ‘லாக்’ என்று அதற்குப் பெயர், மரக்கட்டை என்றே அர்த்தம். 1958-இல் கிப்சன் நிறுவனம் வெளியிட்ட இஎஸ்-335 கிட்டாரிலும் இந்த யோசனையின் சாயலைப் பார்க்கலாம். அதில் உடலின் நடுவே தலை முதல் கால் வரை ஒரு மேப்பிள் கட்டை ஓடுகிறது, இருபுறமும் வெற்றிடம். பிரிட்ஜும் பிக்கப்புகளும் அந்த நடுக்கட்டையின் மேல் உட்காருவதால் பலகை ஆடினாலும் தந்தி அவ்வளவு எளிதில் மசியாது.

மரம் ஆம்ப்பில் கேட்கும் ஒலியை எவ்வளவு மாற்றுகிறது என்று கேட்டால் கிட்டார்க்காரர்கள் விடிய விடிய சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. சந்தேகமில்லாத விஷயங்கள் இவ்வளவுதான்: செமி ஹாலோ மடியில் இலேசாக இருக்கும், ஆம்ப் இல்லாமலே கொஞ்சம் கேட்கும், சத்தம் கூடக்கூட ஃபீட்பேக்குக்கு முழுக்கட்டை கிட்டாரைவிடச் சீக்கிரம் இடம் கொடுக்கும். பிக்கப் தேர்வில் இந்தக் கடைசிக் குணத்தைத்தான் மனதில் வைக்க வேண்டும்.

காந்தம், செம்பு, ஆயிரக்கணக்கான சுற்று

பிக்கப் எளிய பொருள். ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி போன்ற செம்புக் கம்பி சில ஆயிரம் சுற்று. காந்தம் தன் மேலே ஓடும் எஃகுத் தந்தியையும் கொஞ்சம் காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது சுருளுக்குள் இருக்கும் காந்தப் புலம் மாறுகிறது, அந்த மாற்றம் கம்பியில் மின்னழுத்தமாகப் பிறக்கிறது. 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த அதே மின்காந்தத் தூண்டல்தான். தந்தி எஃகாகவோ நிக்கலாகவோ இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். நைலான் தந்தி போட்டால் பிக்கப்புக்கு ஒன்றுமே கேட்காது.

சுற்று கூடினால் சத்தம் கூடும், சரி. கூடவே ‘இண்டக்டன்ஸ்’ என்கிற ஒன்றும் கூடும். அது மேல் ஸ்தாயி ஓசைகளைத் தடுத்து நிறுத்தும் குணம். ஒவ்வொரு பிக்கப்பும் தன் இண்டக்டன்ஸும் கேபிளின் மின் கொள்ளளவும் (கப்பாசிட்டன்ஸ்) சேர்ந்து தீர்மானிக்கும் ஒரு அலைவரிசையில் சற்றுத் தூக்கலாக ஒலிக்கும், அதற்கு மேலே சரிந்துவிடும். வழக்கமான கேபிள் ஒன்றின் கொள்ளளவு 500 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 2.4 ஹென்ரி உள்ள சிங்கிள் காயிலுக்கு (ஒரே சுருள் பிக்கப்) அந்தத் தூக்கல் 4,600 ஹெர்ட்ஸ் அருகே வரும். 4.5 ஹென்ரி உள்ள ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) 3,400 அருகே. ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று கனமாகவும் கேட்பதற்குப் பாதிக் காரணம் இந்த இடைவெளிதான்.

விளம்பரங்களில் ‘8 கிலோ ஓம்’, ‘14 கிலோ ஓம்’ என்று மின்தடையைப் போடுவார்கள். அதை வலிமையின் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மெல்லிய கம்பியில் சுற்றினால் சுற்று கூடாமலே தடை கூடும். ஒரே வகையைச் சேர்ந்த, ஒரே கம்பியில் சுற்றிய இரண்டு பிக்கப்புகளை ஒப்பிட மட்டும் அந்த எண் உதவும்.

யார் யார் இருக்கிறார்கள்

சிங்கிள் காயில்தான் மூத்தது. ஒரே சுருள். ஃபெண்டரின் டெலிகாஸ்டர், 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் இரண்டும் இதை வைத்துத்தான் பேர் வாங்கின. குரல் பளிச்சென்று இருக்கும், விரலின் சின்ன அசைவும் கேட்கும். குறை என்னவென்றால் ‘ஹம்’. வீட்டு மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஓசையையும் அதன் மடங்குகளையும் அந்தச் சுருள் ஆன்டெனா மாதிரி பிடித்து ஆம்ப்புக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். முழுக்கட்டை கிட்டாரில் குழிகளுக்குள் செம்புத் தாள் ஒட்டி இதைக் கொஞ்சம் அடக்கலாம். செமி ஹாலோவில் வயரிங் பெரிய வெற்றிடத்தில் மிதக்கிறது, உள்ளே கை போகாது. ஆகவே உறை போட்ட ஷீல்டட் ஒயரை நம்புவதுதான் வழி.

பி-90 ஒரு கலப்பு மாதிரி. 1946-இல் கிப்சன் கொண்டுவந்தது. அகலமான, தட்டையான ஒரே சுருள், அடியில் இரண்டு காந்தப் பட்டைகள். ஃபெண்டர் சிங்கிள் காயிலைவிடச் சதைப்பற்று அதிகம், ஹம்பக்கரைவிட ஓரம் கூர்மை. ஒரு முரட்டுத்தனம் அதில் இருக்கும். ஹம் உண்டு, அதுவும் தாராளமாக.

ஹம்பக்கர் வந்தது அந்த ஹம்மை ஒழிக்கத்தான். கிப்சனில் வேலை செய்த சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுருள். ஒன்றின் சுற்றுத் திசை மற்றதற்கு எதிர், காந்த முனையும் எதிர். வெளியிலிருந்து வரும் ஹம்முக்குக் காந்த முனை பற்றிக் கவலையில்லை. அது இரண்டு சுருளிலும் எதிரெதிராகப் பிறந்து ஒன்றையொன்று தின்றுவிடும். தந்தியின் ஓசையோ இரண்டு முறை தலைகீழாகித் திரும்ப நேராகி வருவதால் கூடிக்கொள்ளும். புத்திசாலித்தனமான கணக்கு. விலையும் உண்டு: இரண்டு சுருள் வரிசையாக இணைவதால் இண்டக்டன்ஸ் கூடுகிறது, தந்தியை இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் கேட்பதால் மேல் ஓசைகள் சில மங்குகின்றன. காப்புரிமை கிடைக்கும் முன் விற்ற பிக்கப்புகளின் அடியில் ‘விண்ணப்பித்துள்ளோம்’ என்று ஒட்டியிருந்த ஆங்கிலச் சீட்டின் முதலெழுத்துகளைச் சேர்த்துத்தான் இன்றும் ‘பாஃப்’ என்கிறார்கள். பழைய பாணியில் செய்யும் ‘பாஃப்’ வகைகள் பெரும்பாலும் 7 முதல் 8.5 கிலோ ஓம் வரை இருக்கும்.

இதே நேரத்தில் ரே பட்ஸ் என்பவர் தனியே ஒரு ஹம்பக்கர் செய்தார். கிரெட்ச் கிட்டார்களில் வந்த ஃபில்டர்ட்ரான் அது. சுருள்கள் சிறியவை, தடை 4 கிலோ ஓம் சுற்றுவட்டாரத்தில்தான், ஆனால் ஹம் இல்லாமல் பளபளப்பு. செமி ஹாலோவுக்குப் பொருந்தும் பிக்கப்புகளில் எனக்குப் பிடித்தது இதுதான். புதியவர்கள் ஏனோ இதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

மினி ஹம்பக்கர், லிப்ஸ்டிக், கோல்டு ஃபாயில் என்று இன்னும் ஒரு பட்டாளமே இருக்கிறது. முதல் கிட்டாருக்கு மேலே சொன்ன நான்கும் போதும்.

எங்கே கேட்கிறோம் என்பது

குழந்தைகள் ஸ்கிப்பிங் கயிறு சுற்றுவதைப் பாருங்கள். பிடித்திருக்கும் கையருகே கயிறு கொஞ்சமாகத்தான் அசைகிறது, நடுவில் பெரிதாக வீசுகிறது. தந்தியும் அப்படித்தான். பிரிட்ஜ் பக்கத்தில் அடிப்படைச் சுரத்தின் வீச்சு சிறியது. அதனால் உபசுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் அதன் மடங்கு ஓசைகள்) தூக்கலாகத் தெரியும், குரல் மெலிந்து கீச்சென்று இருக்கும். கழுத்துப் பக்கம் வீச்சு பெரிது, குரல் உருண்டு திரண்டு வரும்.

இதிலிருந்து ஒரு முடிவு தானாக வருகிறது. ஒரே மாதிரி இரண்டு பிக்கப்பை ஒரே உயரத்தில் வைத்தால் கழுத்துப் பக்கம் சத்தமாகவும் பிரிட்ஜ் பக்கம் நோஞ்சானாகவும் இருக்கும். ஆகவே பிரிட்ஜ் பிக்கப்பைக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றியிருக்க வேண்டும். ‘கொஞ்சம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கழுத்தில் 7.3 கிலோ ஓம் என்றால் பிரிட்ஜில் 8.2 போல. 7.3-க்கு 15 என்று போனால் அவை இரண்டு வேறு கிட்டார்களாகிவிடும்.

இன்னொரு சுவையான சங்கதி. 648 மி.மீ. தந்தி நீளமுள்ள கிட்டாரில் பிரிட்ஜிலிருந்து 162 மி.மீ. தூரம் என்பது நீளத்தில் சரியாகக் கால்பங்கு. 22 ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கிட்டார்களில் கழுத்துப் பிக்கப் பெரும்பாலும் அதை ஒட்டியே வரும். அந்த இடத்தில் திறந்த தந்தியின் நான்காம் உபசுரம் அசையாமல் நிற்கிறது, பிக்கப்புக்கு அது கேட்காது. அந்தப் புள்ளியில்தான் மாயம் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். நீங்கள் ஒரு ஃப்ரெட்டை அழுத்திய மறுகணம் தந்தியின் நீளம் மாறிவிடுகிறது, அந்தப் புள்ளியும் நகர்ந்துவிடுகிறது. ஆகவே ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். 24 ஃப்ரெட் வைக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் மட்டும் ஒன்றைக் கணக்கில் கொள்ளுங்கள்: கூடுதல் இரண்டு ஃப்ரெட் கழுத்துப் பிக்கப்பைப் பிரிட்ஜ் பக்கமாகத் தள்ளும், அந்த உருண்ட குரல் கொஞ்சம் குறையும்.

மூன்றாவது குரல்

சுவிட்சை நடுவில் வைத்தால் பெரும்பாலான கிட்டார்களில் இரண்டு பிக்கப்பும் இணையாக இணைகின்றன. அப்போது நடப்பது வெறும் கூட்டல் இல்லை. தந்தியின் சில உபசுரங்கள் கழுத்துப் பக்கம் மேலே போகும்போது பிரிட்ஜ் பக்கம் கீழே போகின்றன. அவை ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளும். வேறு சில கூடிக்கொள்ளும். அதோடு இணை இணைப்பில் இண்டக்டன்ஸ் கிட்டத்தட்டப் பாதியாகிறது, மேல் ஓசை திறந்துகொள்கிறது. மணியடித்த மாதிரி, காற்றோட்டமான, நடுவில் கொஞ்சம் குழிந்த குரல் வருவது இப்படித்தான். தாளம் பிடிக்கவும் மெல்லிய நாண்களை (பல சுரங்கள் சேர்ந்த கார்டு) வாசிக்கவும் அதைவிட நல்ல இடம் கிட்டாரில் கிடையாது.

வரிசையாக இணைத்தால் நேரெதிர். இண்டக்டன்ஸ் கூடும், சத்தம் கூடும், குரல் தடிக்கும். டேனலெக்ட்ரோவின் பழைய இரட்டை பிக்கப் கிட்டார்களில் நடு நிலை இப்படித்தான் இருந்தது. அவையும் உள்ளே வெற்றிடம் கொண்டவைதான். லிப்ஸ்டிக் பிக்கப் தனியாக மெலிந்தது என்பதால் வரிசை இணைப்பு அங்கே பொருந்தியது. இரண்டு கனமான ஹம்பக்கரை வரிசையாக இணைத்தால் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும்.

நடு நிலை நன்றாக வர வேண்டுமென்றால் இரண்டு பிக்கப்பும் ‘ஒரே ஃபேஸில்’ இருக்க வேண்டும். ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் அடிப்படைச் சுரங்கள் அழிந்து, மூக்கால் பேசுகிற மாதிரி மெலிந்த ஓசைதான் மிஞ்சும். வெவ்வேறு தயாரிப்பாளர்களின் பிக்கப்புகளைக் கலக்கும்போது இது வெகு சாதாரணம். எனக்கு நடந்தபோது சாலிடர் சரியில்லை என்று நினைத்து மூன்று முறை பற்றவைத்தேன். சாலிடரில் ஒரு குறையும் இல்லை.

பொருத்தும் முன்பே இதைச் சோதிக்க ஒரு கைவைத்தியம் இருக்கிறது. பிக்கப்பின் இரண்டு ஒயரையும் மல்டிமீட்டரில் மாட்டித் தடையை அளக்க வையுங்கள். முள் நகரும் பழைய மீட்டர் என்றால் இன்னும் நல்லது. ஒரு எஃகு ஸ்க்ரூ டிரைவரைக் காந்த முனைகளின் மேல் வைத்துவிட்டு வெடுக்கென்று எடுங்கள். எடுக்கும் நொடியில் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். மற்ற பிக்கப்புக்கும் அதே மாதிரி. இரண்டும் ஒரே பக்கம் தாவினால் அந்த ஒயர் வரிசைப்படியே இணைக்கலாம். எதிரெதிராகத் தாவினால் ஒன்றின் ஒயர்களை மாற்றிப் போட வேண்டும். உலோக மூடியோ பின்னல் உறையோ தரை ஒயரோடு சேர்ந்திருந்தால் மட்டும் அப்படியே மாற்றக் கூடாது. மூடிக்குத் தனி ஒயர் விட்டுப் பிரித்த பிறகே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தொட்டால் சத்தம் போடும்.

இரண்டும் சிங்கிள் காயிலோ பி-90-ஓ என்றால் இன்னொரு லாபம் காத்திருக்கிறது. ஒன்று மற்றதற்கு எதிர்ச்சுற்றும் எதிர் முனையும் கொண்டதாக இருக்கும்படி வாங்குங்கள், பெரும்பாலும் ஜோடியாகவே விற்பார்கள். அப்போது நடு நிலையில் இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய ஹம்பக்கராகிவிடும், ஹம் அடங்கிவிடும்.

சரி, எந்த ஜோடி?

என்னிடம் கேட்டால் முதலில் கழுத்துப் பிக்கப்பை முடிவு செய்யச் சொல்வேன். செமி ஹாலோவை ஆசைப்பட்டுச் செய்கிறவர்கள் பாதி நேரம் அங்கேதான் இருக்கப் போகிறார்கள். சத்தமாக வாசிப்பவருக்கும் சரி, மெல்லியதாக வாசிப்பவருக்கும் சரி, ஒரு விதி பொதுவானது: வலு குறைந்த பிக்கப்பே நல்லது. வலுவான பிக்கப் ஆம்பைச் சீக்கிரம் பொங்க வைக்கும். ஆம்ப் பொங்கினால் ஃபீட்பேக் சீக்கிரம் வரும். உள்ளே வெற்றிடம் விட்டுக் கஷ்டப்பட்டுச் செய்த உடலின் நுணுக்கமும் அந்த இரைச்சலில் காணாமல் போகும். செராமிக் காந்தம் போட்ட 16 கிலோ ஓம் அசுரனை முழுக்கட்டை கிட்டாருக்கு விட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு கிட்டார் செய்கிறேன், குழப்பம் வேண்டாம் என்பவருக்கு இரண்டு மிதமான ஹம்பக்கர். அல்னிகோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம்) 2 அல்லது 5 காந்தம், கழுத்தில் 7-ஐ ஒட்டி, பிரிட்ஜில் 8-ஐ ஒட்டி, இரண்டிலும் நான்கு ஒயர் வெளியே வரும்படி. நான்கு ஒயர் இருந்தால் பின்னால் ஒரு சுருளை மட்டும் தனியே பேச வைக்கலாம், இரண்டு சுருளையும் இணையாக மாற்றலாம். ஒயர் நிறங்களின் அர்த்தம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வந்த தாளைப் பத்திரமாக வையுங்கள்.

கழுத்தில் பி-90, பிரிட்ஜில் ஹம்பக்கர் என்ற கலவை எனக்கு நெருக்கமானது. ஹம்பக்கர் குழம்பிப்போகும் இடம் கழுத்துதான். அங்கே பி-90 ஒவ்வொரு தந்தியையும் பிரித்துக் காட்டும். சிங்கிள் காயில் கீச்சிடும் இடம் பிரிட்ஜ். அங்கே ஹம்பக்கர் கொஞ்சம் உடம்பு கொடுக்கும். இருவரும் எதிரெதிர்க் குறைகளை மறைத்துக்கொள்ளும் குடும்பம் மாதிரி. நடு நிலையில் பி-90-இன் ஹம் கொஞ்சம் கேட்கத்தான் செய்யும். ஹம்பக்கரின் ஒரு சுருளை மட்டும், அதிலும் பி-90-க்கு எதிர் முனை கொண்ட சுருளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அதுவும் பெருமளவு அடங்கும்.

தலைகீழ்க் கலவை, அதாவது கழுத்தில் ஹம்பக்கரும் பிரிட்ஜில் டெலிகாஸ்டர் வகைச் சிங்கிள் காயிலும், கேட்க நன்றாக இருக்கும், சமன் செய்யத்தான் பாடுபட வேண்டும். வீச்சு பெரிய இடத்தில் வலுவான பிக்கப், வீச்சு சிறிய இடத்தில் மெலிந்தது என்று எல்லாமே ஒரே பக்கம் சாய்கிறது. கழுத்தில் ஃபில்டர்ட்ரானோ மினி ஹம்பக்கரோ போட்டால் தராசு கொஞ்சம் நேராகும்.

பி-90 இரண்டு போடுவதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். 1961-இல் வந்த எபிஃபோன் கசினோ முழுக் குடைவு உடலில் இரண்டு பி-90-ஐ வைத்தே வாழ்கிறது. ஃபில்டர்ட்ரான் இரண்டு என்றால் நடு நிலை இன்னும் பளிச்சிடும். வேறு வழியும் உண்டு: கழுத்தில் ஒன்றே ஒன்று. ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் 1930-களின் இறுதியில் வாசித்த இஎஸ்-150-இல் ஒரே பிக்கப்தான். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

சொந்தமாகச் செய்தவர்களில் குயீன் இசைக்குழுவின் பிரையன் மேயை விட்டுவிட முடியாது. 1963-இல் தன் அப்பாவோடு சேர்ந்து அவர் செய்யத் தொடங்கிய ரெட் ஸ்பெஷலும் ஒரு செமி ஹாலோதான். கழுத்து ஒரு பழைய கணப்படுப்பின் மரம். பிக்கப்பையும் முதலில் தானே சுற்றிப் பார்த்தார். காந்த முனைகளை வடக்கு, தெற்கு என்று மாற்றி மாற்றி வைத்திருந்ததால் தந்தியை இழுத்து வளைக்கும்போது ஓசை தடுமாறியது. பிறகு பர்ன்ஸ் ட்ரைசோனிக் மூன்றை வாங்கி, அவற்றின் சுருள்கள் அசையாதபடி எப்பாக்ஸி பசை ஊற்றி இறுக்கினார். மூன்றையும் வரிசையாக இணைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆன்-ஆஃப் சுவிட்சும் ஒரு ஃபேஸ் சுவிட்சும் வைத்தார். மொத்தம் ஆறு சுவிட்சுகள். அவருக்குக் கைவந்த கலை, நமக்கு முதல் கிட்டாரில் ஒரே ஒரு மூன்று நிலைச் சுவிட்ச் போதும். அந்தப் பசை விஷயத்தை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம். சுருள் தளர்வாக இருந்தால் பிக்கப் ஒரு மைக் போல நடந்துகொள்ளும், தந்தியைக் கையால் அமுக்கியிருந்தாலும் கீச்சென்று கத்தும். இது மேல்பலகை ஊளையிடுவதிலிருந்து வேறான நோய். இதற்கு மருந்து மெழுகு. மெழுகில் முக்கியெடுத்த பிக்கப்பாகவே கேட்டு வாங்கிவிடுங்கள். நீங்களே முக்குவதாக இருந்தால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் உருக்குங்கள், 65 டிகிரி செல்சியஸ் அளவில் நிறுத்துங்கள். நேரடித் தீயில் மெழுகு பற்றிக்கொள்ளும், சூடு மிஞ்சினால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும்.

மரத்துக்குத் திரும்பினால்

ஜோடி முடிவாகிவிட்டதா? இன்னும் தயக்கம் என்றால் ஹம்பக்கர் அளவுக் குழியை இரண்டு இடத்திலும் வெட்டுங்கள். ஏறத்தாழ 70 மி.மீ. நீளம், 38 மி.மீ. அகலம். பி-90, ஃபில்டர்ட்ரான், சிங்கிள் காயில் எல்லாமே ஹம்பக்கர் அளவுச் சட்டத்திலும் கிடைக்கின்றன, பிறகு மனம் மாறினால் மரத்தை வெட்ட வேண்டியிருக்காது. அசல் அளவு பி-90 நீளமும் அகலமும் கூடியது, அதற்கு வெட்டிவிட்டால் திரும்பி வர முடியாது. காது வைத்த ‘டாக் இயர்’ பி-90-ஐத் தேர்ந்தெடுத்தால் இன்னொன்றும் கவனியுங்கள். அது பலகையின் மேலே நேராகத் திருகப்படுவதால் ஏற்றி இறக்க முடியாது, அடியில் தகடு கொடுத்துத்தான் உயர்த்த வேண்டும்.

மேல்பலகையை ஒட்டும் முன் நடுக்கட்டையில் இரண்டு பிக்கப் குழிகளிலிருந்தும் கட்டுப்பாட்டுக் குமிழ்கள் இருக்கும் வெற்றிடத்துக்குத் துளை போடுங்கள். பிரிட்ஜுக்குப் போகும் தரை ஒயருக்கும் ஒன்று. இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். முடிந்தால் பின்பலகையில் ஒரு மூடி வைத்துவிடுங்கள். பார்வைக்குப் பழைய பாணி போல இருக்காது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். மேல்பலகையின் எஃப் வடிவத் துளை வழியாக நூல் கட்டிக் குமிழ்களை ஒவ்வொன்றாக இழுத்து அதன் இடத்தில் நிறுத்திப் பார்த்தால் அவர்களும் மூடிக்கு மாறிவிடுவார்கள்.

குமிழ்களின் மதிப்பு: ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம், சிங்கிள் காயிலுக்கு 250. மதிப்பு குறையக் குறைய மேல் ஓசை மங்கும். கலப்பு ஜோடிக்கு எல்லாக் குமிழையும் 500-ஆகவே வைத்துவிட்டு, கீச்சிடும் சிங்கிள் காயிலுக்குக் குறுக்கே மட்டும் 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் அது ஏறத்தாழ 242 கிலோ ஓம் குமிழைப் பார்ப்பது போல உணரும். பத்துப் பைசா வைத்தியம். பி-90-க்கு 500-ஏ பெரும்பாலும் பொருந்தும். டோன் கப்பாசிட்டர் 0.022 மைக்ரோஃபாரட் போட்டு ஆரம்பியுங்கள்.

இரண்டு பிக்கப்புக்கும் தனித்தனி வால்யூம் வையுங்கள் என்பது என் பிடிவாதம். நடு நிலையில் ஒன்றை முழுதாக விட்டு மற்றதைக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்தால் குரல் படிப்படியாக நிறம் மாறும். வழக்கமான இணைப்பில் ஒரு குறை உண்டு, ஒன்றைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனால் மற்றதும் வாயை மூடிக்கொள்ளும். அதைத் தவிர்க்கக் குமிழின் நுழைவு, வெளியேற்றக் கால்களை இடம் மாற்றிப் பற்றவைக்கலாம். அப்போது வால்யூமைக் குறைக்கும்போது மேல் ஓசை சற்றுக் கூடுதலாக மங்கும். எனக்கு அந்தத் தொல்லையைவிடப் பூஜ்யத் தொல்லையே பரவாயில்லை, அதனால் மாற்றுவதில்லை.

வயரிங்கை உள்ளே தள்ளும் முன் வெளியிலேயே எல்லாம் பேசுகிறதா என்று ஆம்ப்பில் போட்டுப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் பிக்கப்பை மெல்லத் தட்டினால் போதும். அப்புறம் தந்தி கட்டி, கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு உயரம் வையுங்கள். பிரிட்ஜ் பக்கம் தந்திக்கும் முனைக்கும் 2 மி.மீ. அளவு, கழுத்துப் பக்கம் 3 மி.மீ. அளவு தொடக்கத்துக்குச் சரி. காந்தக் கோல்கள் உள்ள சிங்கிள் காயிலை ரொம்ப நெருக்கினால் காந்தமே தந்தியைப் பிடித்திழுத்துச் சுரத்தைக் கலைக்கும், அதற்கு இன்னும் இடைவெளி கொடுங்கள்.

எல்லோரும் கழுத்தையும் பிரிட்ஜையும் மாற்றி மாற்றிக் கேட்டுத்தான் உயரத்தைச் சரிசெய்வார்கள். நீங்கள் சுவிட்சை நடுவில் வைத்துவிட்டு ஒரு திறந்த நாணை மீட்டுங்கள். கழுத்துப் பிக்கப்பின் திருகைக் கால் சுற்று இறக்குங்கள், மறுபடி மீட்டுங்கள். இன்னும் கால் சுற்று. ஏதோ ஓர் இடத்தில் குழைந்திருந்த நாண் தந்தி தந்தியாகப் பிரிந்து கேட்கும். திருகை அங்கேயே விட்டுவிடுங்கள்.